கடல் தாண்டும் ஜீவனாம்சம்: பிள்ளைக்குரிய பணமும் அதற்குரிய படிவமும்

தாலி கட்டியவன் கடல் தாண்டிப் போகலாம். பெற்ற பிள்ளைக்குச் சோறு போடும் கடமை கடல் தாண்டினாலும் தீர்ந்து போவதில்லை. இதை எல்லா நாட்டுச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஒரு நாட்டு நீதிமன்றம் போட்ட உத்தரவை இன்னொரு நாட்டில் காட்டிப் பணம் வாங்குவது எப்படி என்று கேட்டால், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் வெளிநாட்டுச் சம்பந்தம் இல்லாத குடும்பம் இன்று அரிது. அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி, துபாய், சிங்கப்பூர் என்று பிள்ளைகள் பரவியிருக்கிறார்கள். பெரும்பாலோர் நன்றாகவே வாழ்கிறார்கள். சில இடங்களில் மணவாழ்வு முறிந்துவிடுகிறது. தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அல்சூரிலோ ராமமூர்த்தி நகரிலோ உள்ள பிறந்த வீட்டுக்கு வந்து சேர்கிறாள். தகப்பன் அங்கேயே வேலையில் இருக்கிறான். தாத்தாவின் பென்ஷனில் பேரன் பள்ளிக்கூடம் போகிறான். இத்தகைய குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

நான் வக்கீல் அல்ல. சிக்பேட்டையில் நாற்பது ஆண்டு பாத்திர வியாபாரம் செய்தவன். ஆர்வத்தால் சட்ட நூல்களைப் படித்தவன். ஆகவே இதை வழித்துணையாகக் கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால் தக்க வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

பத்திரம் எப்படி ஊர் தாண்டுகிறது?

வியாபாரம் செய்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். முன்பின் அறியாத ஊரில் நம் பேச்சு செல்லாது. நம் பத்திரம் செல்லும். அந்தக் காலத்து உண்டியல் அப்படிப்பட்டது. மதராஸில் எழுதிக் கொடுத்த உண்டியலை ரங்கூனில் காட்டினால் பணம் கிடைத்தது. யார் எழுதியது, யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாளில் என்ற நான்கும் வழக்கமான வாசகத்தில், வழக்கமான வரிசையில் இருந்ததே அதற்குக் காரணம்.

எங்கள் காலத்தில் 'சி பாரம்' இருந்தது. கும்பகோணத்திலிருந்து சரக்கு வாங்கினால், 1956ஆம் ஆண்டு மத்திய விற்பனை வரிச் சட்டப்படி பெங்களூர் வியாபாரி அந்தப் பாரத்தைப் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தால் சலுகை வரி. சேராவிட்டால் முழு வரி. பில் நம்பரில் ஓர் இலக்கம் மாறினாலும் திரும்பி வந்துவிடும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும் வரை, மாநில எல்லை தாண்டும் வியாபாரம் அந்த ஒரு தாளின் மேல்தான் நின்றது. அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பாரம் ஒன்றாக இருந்ததால் நம்பிக்கை வந்தது.

சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். அரசன் வாய்மொழியாகச் சொன்னது 'திருவாய்க்கேள்வி'. அதை எழுதுபவர் 'திருமந்திர ஓலை'. எழுதியதைச் சரிபார்ப்பவர் 'திருமந்திர ஓலை நாயகம்'. பிறகு வரிப்பொத்தகத்தில் பதிவு. இத்தனை கை மாறிய பிறகுதான் அரசன் சொல்லே ஊரில் செல்லுபடியாயிற்று. அரசன் சொல்லுக்கே இந்த நியதி என்றால், பெங்களூர் குடும்ப நீதிமன்றத்தின் உத்தரவு நியூ ஜெர்சியில் தானாகச் செல்லும் என்று எதிர்பார்க்க முடியுமா?

சத்யா வழக்கு சொல்லும் பாடம்

இந்தச் சிக்கல் நம் தலைமுறையில் புதிதாக வந்ததல்ல. சட்டம் படிப்பவர்கள் அனைவரும் அறிந்த சத்யா வழக்கைப் பாருங்கள். 1955இல் ஜலந்தரில் திருமணம், இரண்டு குழந்தைகள். 1959இல் கணவர் வனவியல் படிக்க அமெரிக்கா போனார். மனைவியும் குழந்தைகளும் இங்கேயே. 1964 டிசம்பரில் அவர் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் விவாகரத்து வாங்கிக்கொண்டார். 1965 ஜனவரியில் மனைவி ஜலந்தரில் தனக்கும் குழந்தைகளுக்கும் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டார். கணவர் தரப்பில் நெவாடா தீர்ப்பை நீட்டினார்கள். மாஜிஸ்திரேட் அதை ஏற்கவில்லை. உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கடைசியில் 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அங்கே உண்மையாகக் குடியிருக்காமலேயே குடியிருப்பதாகச் சொல்லி வாங்கிய தீர்ப்பு இங்கே செல்லாது என்று தீர்த்து, மனைவி பக்கம் நியாயம் வழங்கியது.

நல்ல தீர்ப்புத்தான். ஆனால் கணக்குப் பாருங்கள். மனு 1965, முடிவு 1974. இடையில் ஒன்பது ஆண்டுகள். தகப்பன் கப்பலேறியபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் தீர்ப்பு வந்தபோது வளர்ந்த பிள்ளைகள். பசி ஒன்பது ஆண்டு காத்திருக்குமா? மேலும், அந்த உத்தரவுக்கு இந்திய எல்லைக்குள்தான் பலம். அமெரிக்காவில் வரும் சம்பளத்தைத் தொட வேண்டுமானால் அமெரிக்காவில் வேறு வழி தேட வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

உலக நாடுகள் கண்ட வழி

முதலில் வெள்ளைக்காரன் தன் சாம்ராஜ்யத்துக்குள் ஒரு வழி செய்தான். இங்கிலாந்தில் 1920இலும் இந்தியாவில் 1921இலும் ஜீவனாம்ச உத்தரவுகளை நிறைவேற்றும் சட்டங்கள் வந்தன. ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்ட நாடுகளுக்குள் ஓர் இடத்து உத்தரவை இன்னோர் இடத்தில் பதிவு செய்யலாம். எதிராளி அங்கே இருந்தால், இங்கே சாட்சியத்தை எழுதித் தற்காலிக உத்தரவு போட்டு அனுப்பலாம். அங்குள்ள நீதிமன்றம் அவனை அழைத்துக் கேட்டு உறுதி செய்யும். காகிதங்கள் அரசாங்கம் வழியாகவே போய்வரும். ஆனால் இது ஒப்புக்கொண்ட பிரதேசங்களுக்கு மட்டுமே. அமெரிக்கா இந்த ஏற்பாட்டில் இல்லை.

அடுத்து 1956இல் ஐக்கிய நாடுகள் சபை மேற்பார்வையில் நியூயார்க் உடன்படிக்கை வந்தது. ஒவ்வொரு நாடும் அனுப்பும் அமைப்பு ஒன்று, பெறும் அமைப்பு ஒன்று வைத்துக்கொள்ளும். தாய் தன் ஊரிலேயே மனுக் கொடுத்தால் போதும். நம் அண்டை நாடுகளான இலங்கையும் பாகிஸ்தானும் அந்த 1950களிலேயே இதில் சேர்ந்துவிட்டன. இந்தியா சேரவில்லை.

மூன்றாவதாக வந்ததே இப்போது முக்கியமானது. 2007 நவம்பர் 23 அன்று ஹேக் நகரில் குழந்தை ஜீவனாம்சம் பற்றிய சர்வதேச உடன்படிக்கை நிறைவேறியது. 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதலும், அமெரிக்காவில் 2017 ஜனவரி 1 முதலும் அமலாகி வருகிறது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின் 2021 முதல் தனியாக உறுப்பினராகத் தொடர்கிறது. ஆசியாவில் பிலிப்பைன்ஸ் 2022இல் இதற்குள் வந்தது.

இந்த உடன்படிக்கையின் உயிர் அதன் படிவங்களில் இருக்கிறது. இரண்டு படிவங்கள் கட்டாயம். ஒன்று அனுப்பீட்டுப் படிவம்: யார் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார், எந்தக் குழந்தைக்கு, என்னென்ன காகிதம் இணைத்திருக்கிறது என்பதை ஒரு நாட்டு மைய அமைப்பு இன்னொரு நாட்டு மைய அமைப்புக்குச் சொல்வது. மற்றொன்று பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைப் படிவம். விண்ணப்பம் கிடைத்த ஆறு வாரத்துக்குள் ஒப்புகை அனுப்பியாக வேண்டும். இந்தக் காகிதம் குறைகிறது, அனுப்புங்கள் என்று அதிலேயே சொல்ல வேண்டும். ஒப்புகைக்குப் பின் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும். 'போட்டேன், பதில் இல்லை' என்ற புலம்பலுக்கு அங்கே இடமில்லை.

இவை தவிர, பரிந்துரைக்கப்பட்ட படிவங்கள் பல உண்டு. தீர்ப்பின் சுருக்கம், அந்தத் தீர்ப்பு அதன் சொந்த நாட்டில் நிறைவேற்றத்தக்கது என்ற சான்று, எதிராளி வராமலே தீர்ப்பாகியிருந்தால் அவருக்கு முறையாகத் தகவல் போனது என்ற சான்று, இரு தரப்பின் வரவு செலவு நிலை. எல்லாம் கட்டம் கட்டமாக, எண் போட்டு, பொருந்துவதை 'டிக்' செய்யும் விதத்தில் அமைந்தவை. ஜெர்மன் மொழியில் 5ஆம் கட்டத்தில் இருப்பது எதுவோ அதுவே ஆங்கிலப் படிவத்திலும் 5ஆம் கட்டத்தில் இருக்கும். மொழி தெரியாத அதிகாரிக்கும் பிள்ளையின் கோரிக்கை புரிந்துவிடும். குழந்தைக்கான விண்ணப்பத்துக்குச் சட்ட உதவியும் பெரும்பாலும் இலவசம். காகிதங்களுக்குத் தூதரக முத்திரை போன்ற சடங்குகள் வேண்டாம் என்றும் அந்த உடன்படிக்கை சொல்கிறது.

இந்தியா எங்கே நிற்கிறது?

இந்தியா 2008இல் ஹேக் மாநாட்டு அமைப்பில் உறுப்பினரானது. காகிதங்களுக்கு 'அப்போஸ்டில்' முத்திரை இடும் உடன்படிக்கையில் 2005 முதலும், வெளிநாட்டில் சம்மன் சார்வு செய்யும் உடன்படிக்கையில் 2007 முதலும் இருக்கிறது. ஆனால் குழந்தை ஜீவனாம்ச உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே மேலே சொன்ன படிவங்களை நம் ஊர்த் தாய் நிரப்பிக் கொடுப்பதற்கு இங்கே மைய அமைப்பு இல்லை.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இங்கிலாந்து, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் தீர்ப்பை இங்கே நிறைவேற்ற அது உதவும். 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அது வெளியிலிருந்து உள்ளே வரும் கதவு. நம் உத்தரவை வெளியே அனுப்பும் கதவு அல்ல. அமெரிக்கா அந்தப் பட்டியலிலும் இல்லை. அமெரிக்காவில் தீர்ப்பு வாங்கிய ஒரு தாய், இங்கே திரும்பி வந்துவிட்ட தகப்பனிடம் பணம் வாங்க வேண்டுமானால், அந்தத் தீர்ப்பை ஆதாரமாக வைத்துத் தீர்ப்புத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் இங்கே புது வழக்குப் போட வேண்டும்.

1994ஆம் ஆண்டிலேயே, வெளிநாட்டு மாப்பிள்ளை கைவிட்ட ஒரு பெண்ணின் வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது. இந்திய நீதிமன்றங்களின் தீர்ப்பு வெளிநாட்டிலும் நிறைவேறும்படி அரசு பரஸ்பர ஒப்பந்தங்கள் செய்துகொள்ள வேண்டும், கணவனின் சொத்திலிருந்து மனைவிக்குப் போதிய ஜீவனாம்சம் கிடைக்க வகை செய்ய வேண்டும் என்று யோசனை சொன்னது. சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் கொடுத்த 287ஆவது அறிக்கையிலும், வெளிநாடு வாழ் இந்தியர் திருமண விஷயங்களுக்கு ஜீவனாம்சம், குழந்தைப் பராமரிப்பு உட்பட ஒரு முழுமையான மத்தியச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. இரண்டுக்கும் இடையில் முப்பது ஆண்டுகள்.

நம் ஊர் நீதிமன்றத்தில் செய்யக்கூடியது

அதெல்லாம் சரி, இன்றைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். வழி அடைபட்டுவிடவில்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று நாம் கேள்விப்பட்டது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகிவிட்டது. இது எல்லா மதத்தினருக்கும் பொது. தாய் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். பெங்களூர்வாசிகள் சித்தையா சாலையில் உள்ள 'நியாய தேகுலா' கட்டடத்துக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவிலும் பிள்ளைக்கு உரிமை உண்டு. ஜைனர், பௌத்தர், சீக்கியருக்கும் அச்சட்டம் பொருந்தும்.

நம் நாட்டிலும் ஒரே மாதிரிப் படிவம் இப்போது வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில், ஜீவனாம்சம் கேட்கும் எல்லா வழக்கிலும் இரு தரப்பும் தங்கள் சொத்து, வருமானம், கடன், செலவு அனைத்தையும் குறித்த மாதிரியில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. மாதிரியைத் தீர்ப்போடு இணைத்தும் கொடுத்தது. எதிர்த்தரப்பு நான்கு வாரத்துக்குள் தர வேண்டும். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்படும். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைக் கீழ் நீதிமன்றங்களுக்கு மறுபடியும் நினைவூட்டியது.

அந்தப் பத்திரத்தில் வெளிநாட்டில் வசிப்பவருக்கென்றே தனிப் பகுதி உண்டு. குடியுரிமை, வசிக்கும் இடம், அந்நாட்டுப் பணத்தில் இப்போதைய சம்பளம், அதற்கு வேலை கொடுப்பவரின் கடிதமும் பேங்க் கணக்கும், அங்குள்ள வீட்டுச் செலவு, வரி, இந்தியாவில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் அனுப்பும் பணம் எல்லாம் அதில் வர வேண்டும். ஹேக் உடன்படிக்கையின் வரவு செலவுப் படிவம் கேட்கும் விவரங்களில் பலவும் இதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. இதை முழுமையாக நிரப்பிய தாய், பாதிக் கிணற்றைத் தாண்டிவிட்டாள் என்று சொல்லலாம்.

அடுத்தது சம்மன். வெளிநாட்டு நீதிமன்றம் நம் உத்தரவைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி: அந்த ஆளுக்கு முறையாகத் தகவல் போனதா? பாண்டியன் சபையில் கண்ணகி அழுததால் மட்டும் நியாயம் கிடைக்கவில்லை. சிலம்பை உடைத்து உள்ளே இருப்பது முத்து அல்ல, மாணிக்கம் என்று காட்டியதால் கிடைத்தது. இங்கே சம்மன் சார்வான சான்றுதான் அந்த மாணிக்கப் பரல். வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டார், அவர் அண்ணனிடம் சொல்லிவிட்டோம் என்பதெல்லாம் அந்நிய நீதிபதியிடம் எடுபடாது. 1965ஆம் ஆண்டு ஹேக் சார்வு உடன்படிக்கைப்படி, வேண்டுகோள், சார்வுச் சான்று, காகிதத்தின் சுருக்கம் என மூன்றும் அடங்கிய மாதிரிப் படிவத்தில், சட்ட அமைச்சகம் வழியாகச் சம்மன் அனுப்பலாம். சார்வானதும் அந்நாட்டு அதிகாரி சான்றை நிரப்பித் திருப்பி அனுப்புவார். எந்தச் சட்டத்தின்கீழ் மனு என்பதைப் பொறுத்துச் சம்மன் போகும் வழி மாறலாம். அதை வக்கீலிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

தகப்பன் அமெரிக்காவில் இருந்தால்

நம் குடும்பங்களில் அதிகம் வருவது இதுதான். அமெரிக்காவில் ஜீவனாம்சம் மாநில நீதிமன்ற விஷயம். ஆனால் எல்லா மாநிலங்களும் ஒரே மாதிரியான சட்டத்தை ஏற்றிருக்கின்றன. 2008இல் திருத்தப்பட்ட அதன் வடிவமே இப்போது எங்கும் அமலில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி வெளிநாட்டில் வசிக்கும் தாயும், தகப்பன் வசிக்கும் மாநிலத்து நீதிமன்றத்தில் நேரடியாக மனுச் செய்யலாம். அங்கு வசிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்திய உத்தரவை மரியாதை முறையில் அவர்கள் ஏற்கலாம்; ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஏற்காவிட்டால் தகப்பனின் வருமானத்தை வைத்து அங்கேயே புது உத்தரவு கேட்கலாம்.

இதற்கும் அங்கே மாதிரிப் படிவங்கள் உண்டு: ஜீவனாம்ச மனு, பொதுச் சாட்சியம், தகப்பன் இன்னார் என்பதற்கான உறுதிமொழி, உத்தரவைப் பதிவு செய்யக் கோரும் கடிதம். அமெரிக்க உத்தரவு ஒன்று கையில் வந்துவிட்டால், சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லும் தாள் கம்பெனிக்கே போகும். அதுவும் நாடு முழுவதும் ஒரே படிவம். மாதாமாதம் தகப்பன் மனம் இரங்க வேண்டிய அவசியமில்லை.

சென்ற ஆண்டு ஒரு பெண் என் கடைக்கு ஒரு துணிப்பை நிறையக் காகிதத்துடன் வந்தாள். "ஐயா, கோர்ட்டு ஆர்டர் கையில இருக்கு. அவரு கம்பெனி பேரும் தெரியும். இதை அப்படியே அங்க அனுப்பினா சம்பளத்துல பிடிச்சுத் தர மாட்டாங்களா?" என்று கேட்டாள். பையைக் கொட்டிப் பார்த்தோம். உத்தரவில் பையன் பெயர் வெறும் பெயராக இருந்தது. பிறப்புச் சான்றில் முன்னால் ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முழுதாகக் குடும்பப் பெயராக ஏறியிருந்தது. நமக்கு மூன்றும் ஒரே பையன். அந்நிய நாட்டு குமாஸ்தாவுக்கு மூன்று பையன்கள். குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம் வைத்திருக்கும் படிவத்தில் நம் இனிஷியல் எங்கே உட்காரும்? "அம்மா, இதைச் சரி பண்ணினப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றேன். நம் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய சிக்கல் இது. வடக்கே உள்ளவர்களுக்கு இவ்வளவு வராது.

வீட்டில் கட்டி வைக்க வேண்டிய கோப்பு

உடன்படிக்கையில் நாடு சேரட்டும், சேராமல் போகட்டும். அந்தப் படிவங்கள் கேட்கும் வரிசையிலேயே நம் காகிதங்களை அடுக்கி வைத்தால் எந்த நாட்டுக்கும் உதவும்.

1. பெயர். பிள்ளை, தாய், தகப்பன் மூவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மனுவிலும் உத்தரவிலும் வர வேண்டும். வேறு காகிதத்தில் மாறியிருந்தால், இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் ஒன்று இணைக்க வேண்டும்.

2. உறவுக்குச் சான்று. பிள்ளையின் பிறப்புச் சான்றும் திருமணப் பதிவுச் சான்றும். கல்யாணப் பத்திரிகையும் போட்டோ ஆல்பமும் போதாது. திருமணப் பதிவைக் கட்டாயமாக்க உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொல்லிவிட்டது.

3. தகப்பனின் அடையாளம். பாஸ்போர்ட் நகல், பிறந்த தேதி, கடைசியாகத் தெரிந்த விலாசம், கம்பெனியின் பெயரும் விலாசமும், இங்கே சொத்து இருந்தால் அதன் விவரம். உறவு நன்றாக இருக்கும்போதே எல்லா வீட்டிலும் இந்த நகல்கள் இருப்பது நல்லது.

4. உத்தரவு. சான்றிட்ட முழு நகல் வேண்டும். பிள்ளைக்கு எவ்வளவு, தாய்க்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போடும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து, மாதத்தில் எந்த நாளில், எந்தப் பேங்க் கணக்கில் என்பதும் வரட்டும். ஒட்டுமொத்தமாக ஒரு தொகை என்று போட்டால், பிள்ளைப் பங்கை மட்டும் எளிதில் வசூலிக்கும் நாடுகளில் குழப்பம் வரும்.

5. தகவல் போன சான்று. மேலே சொன்ன சார்வுச் சான்று. எதிராளி வக்கீல் வைத்து ஆஜராகியிருந்தால் அந்தத் தேதிகள்.

6. பாக்கிக் கணக்கு. இது வியாபாரி சொல்லும் விஷயம். ஒரு நோட்டில் நான்கு பத்தி கட்டுங்கள்: மாதம், வர வேண்டியது, வந்தது, பாக்கி. பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பக்கத்தில் வையுங்கள். நம் 144ஆம் பிரிவில் ஒரு கெடு உண்டு. பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் கேட்காவிட்டால், அந்தப் பாக்கிக்கு அந்தப் பிரிவின்படி வசூல் வாரண்ட் கிடைக்காது. போனால் போகட்டும், சேர்த்துக் கேட்கலாம் என்று விட்டவர்கள் இழந்திருக்கிறார்கள்.

7. மொழி. சாட்சியம் கன்னடத்தில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஜெர்மனிக்குப் போவதானால் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, உறுதிமொழியுடன் வேண்டும்.

8. முத்திரை. உடன்படிக்கைக்கு வெளியே நாம் நிற்பதால் நமக்கு முத்திரை விலக்கு இல்லை. நம் பொதுக் காகிதங்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வேண்டியிருக்கும். அந்த உடன்படிக்கையில் இல்லாத நாடு என்றால் தூதரக ஒப்பம்.

இந்தக் கோப்பு பெண்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒழுங்காகப் பணம் அனுப்பும் தகப்பன்களும் இருக்கிறார்கள். கையில் கொடுத்தேன், மாமனாரிடம் கொடுத்தேன் என்று பிறகு நிரூபிக்க முடியாமல் தவிப்பவர்களும் உண்டு. பேங்க் வழியாக, 'பிள்ளை ஜீவனாம்சம்' என்று குறிப்பிட்டு அனுப்பினால் அவர்களுக்கும் அதுவே ரசீது. பரஸ்பர சம்மத விவாகரத்தில் கையெழுத்திடும்போது பிள்ளைக்குரிய பத்தியைத் தனியாக எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. பிள்ளையின் உரிமையைத் தாயோ தகப்பனோ விட்டுக்கொடுத்துவிட முடியாது என்றுதான் நீதிமன்றங்கள் பொதுவாகப் பார்க்கின்றன.

நாம் கேட்க வேண்டியது

வெளிநாட்டு மாப்பிள்ளைகளால் கைவிடப்பட்ட பெண்களுக்காகத் தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. இந்தியத் தூதரகங்களிலும் சட்ட உதவிக்கு வழி உண்டு. இவை உதவிதான், உரிமை அல்ல. உதவி கேட்பவள் ஒவ்வொரு வாசலாக ஏற வேண்டும். 2007ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தால், பெங்களூரில் ஒரே மேசையில் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, ஆறு வாரத்தில் ஒப்புகையை எதிர்பார்க்கலாம். சேருவதால் நமக்கும் ஒரு கடமை வரும்: அங்குள்ள பிள்ளைக்கு இங்குள்ள தகப்பனிடம் வசூலித்துக் கொடுக்க வேண்டும். அது நியாயம்தானே? பிள்ளை எந்த நாட்டில் இருந்தாலும் பிள்ளைதான்.

நம் சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, இந்த உடன்படிக்கையில் இந்தியா சேர வேண்டும் என்று மத்திய சட்ட அமைச்சகத்துக்கும் நம் தொகுதி எம்.பி.க்களுக்கும் சங்கத்தின் பெயரால் கடிதம் எழுத வேண்டும். வெளிநாட்டில் உள்ள தமிழ்ச் சங்கங்களும் இதைக் கேட்டால் குரலுக்கு வலு கூடும். இரண்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவரும் கணக்குத் தெரிந்த ஒருவரும் சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து, இப்படிக் காகிதத்தோடு வருகிறவர்களுக்குக் கோப்பு அடுக்கிக் கொடுக்கலாம். வழக்கு நடத்த வேண்டாம். பெயரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தாலே போதும். கணக்கு எழுதும் வேலைக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.